ஒரு பல் பிழை

முன்னாளில் உழவர் ஏற்றம் இறைத்துப் பயிர் வளர்த்தனர். ஏற்ற மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றின் அருகே மற்றொருவர் நின்று, சாலை நீரில் அமிழ்த்துவதும், அது மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பதுமாக இருப்பார். மேலே நடப்பவரின் அடியும் கீழே நிற்பவரின் கையும் ஒத்து இயங்கினால் சால் நிறைய நீர் வரும். ஒருவர் சிறிது முந்தினாலோ மற்றவர் சிறிது பிந்தினாலோ, சால் முழுதும் நிரம்பாது. வந்த நீரும் கிணற்றிலேயே சிந்தும். இருவரும் வலிமை குன்றாதவராயினும் அவர்தம் உழைப்பு வீணாகும். அதனாலன்றோ அவர்கள் பாட்டுப் பாடி, அப்பாட்டின் தாளத்தால் தம் இருவர் செயலையும் ஒன்றுபடுத்திக் கொண்டனர்!

மோட்டார் காரின் எஞ்சினுள்ளும் இவ்வாறு ஒத்து இயங்க வேண்டிய உறுப்புகள் உள்ளன. அவற்றின் தாளம் தவறினால் விளைவது யாது? அத்தவற்றைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? இவற்றை அறிதல் எஞ்சினைப் பற்றிய அறிவை மட்டுமன்றி, எந்தக் குறையையும் நெறிப்பட ஆராயும் அறிவையும் நமக்குத் தரும்.

பெட்ரோலால் ஓடும் கார்களுள் பெரும்பாலானவை நான்கு வீச்சு எஞ்சினைக் கொண்டவை. செருமனி நாட்டினரான நிக்கோலாஸ் ஆட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் இத்தகைய எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். சிலிண்டர் என்னும் உருளையினுள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும். முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்க, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வரும். இரண்டாம் வீச்சில் பிஸ்டன் மேலே ஏறி அக்கலவையை நெருக்கும். நெருக்குண்ட கலவையில் ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி பட்டதும், அது எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். இது மூன்றாம் வீச்சு. நான்காம் வீச்சில் பிஸ்டன் மீண்டும் மேலே ஏறி எரிந்த புகையை வெளியேற்றும். இந்நான்கனுள் மூன்றாவது ஒன்றே ஆற்றல் தருவது. மற்ற மூன்றும் அதற்குத் துணை செய்வன.

கலவை உள்ளே வருவதற்கு ஒரு வாயிலும், புகை வெளியே செல்வதற்கு மற்றொரு வாயிலும் சிலிண்டரின் தலையில் உண்டு. அவ்வாயில்களைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். கலவை நெருக்கப்படும்போது இரு கதவுகளும் நன்கு மூடியிருத்தல் வேண்டும். கதவு திறந்திருக்கையில் நெருக்கினால், கலவை வந்த வழியே திரும்பிவிடும் அன்றோ?

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் தண்டு. வால்வுகளைத் திறப்பது மேலேயுள்ள கேம் தண்டு. நான்கு வீச்சுகள் முடிவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழலும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடினால் போதும். ஆதலின் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழலுமாறு இரண்டையும் இணைத்துள்ளனர். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழல்வதாகக் கொண்டால், கிராங்க் தண்டு நொடிக்கு 50 முறையும் கேம் தண்டு 25 முறையும் சுழலும். ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 25 முறை திறந்து மூடும்.

இவ்விரு தண்டுகளையும் இணைத்துத் தாளம் தவறாமற் காப்பதற்குச் சில எஞ்சின்களில் சங்கிலி உண்டு. சிலவற்றில் பல்வைத்த ரப்பர்ப் பட்டை உண்டு. இப்பட்டையே டைமிங் பெல்ட் எனப்படும். செருமனியில் 1962ஆம் ஆண்டு முதல் பெருமளவில் செய்யப்பட்ட கிளாஸ் 1004 என்னும் காரில் இத்தகைய பெல்ட் இருந்தது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து, 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட மாருதி 800 என்னும் சிறு காரும் இத்தகைய பெல்ட்டைக் கொண்டதே. ஏற்றக்காரர் இருவரையும் பாட்டு இணைத்தது போல, கீழ்த் தண்டையும் மேல் தண்டையும் இப்பெல்ட் இணைக்கிறது.

பெல்ட் இரப்பராலானது, வெப்பத்தாலும் உழைப்பாலும் நாளடைவில் தளரும். அது திடீரென அறுமாயின், பல எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வுகளின்மேல் பிஸ்டன் மோதும், வால்வுகள் வளையும், பெருஞ்செலவு நேரும். அதனால் அஃது அறும்வரை காத்திராமல், பெரும்பாலும் 60,000 கிலோமீட்டர் முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள், காரைச் செய்தவர் குறித்த அளவில் பெல்ட்டை மாற்றிவிடுதல் வேண்டும்.

மாற்றும்போது கருத்தூன்றிச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பெல்ட் சுற்றிச் செல்லும் பல்சக்கரங்களில் குறிகள் இருக்கும். எஞ்சினின் உடலிலும் அவற்றுக்கு நேரான குறிகள் இருக்கும். கீழ்க்குறியும் மேற்குறியும் ஒருங்கே நேர்ப்பட்டிருக்கும் நிலையிற்றான் பெல்ட்டைப் பொருத்துதல் வேண்டும். ஒரு பல் பிசகினால் என்ன என்று எண்ணுதல் கூடாது. கிராங்க் தண்டின் பல்சக்கரத்தில் 20 பற்களும், கேம் தண்டின் பல்சக்கரத்தில் 40 பற்களும் உள்ளனவாகக் கொள்வோம். ஒரு பல் பிசகினால், கிராங்க் தண்டின் ஒரு சுற்றில் 20இல் ஒரு பங்கு, அதாவது 18 பாகை, தவறிவிடும். நிமிடத்திற்கு 3,000 சுற்று என்னும் வேகத்தில் இது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே. எனினும், அச்சிறு காலத் தவறே எஞ்சினின் வலிமையைக் குன்றச் செய்யும்.

இத்தவறு எவ்வாறு மறைந்து நின்று துன்புறுத்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டி வாழ்ந்து வருகிறார் எனக் கொள்வோம். கார் ஓடும் நாளில் அவர் வீட்டில் உலை கொதிக்கும். ஓடாத நாளில் கடன்தான். வண்டி 80,000 கிலோமீட்டர் ஓடியதும், அறிவுடையவராதலின், அறுவதற்கு முன்பே பெல்ட்டை மாற்றிவிட எண்ணி, இளைஞரான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டார். அன்று மாலையே வேலை முடிந்தது.

மறுநாட் காலையில் எஞ்சினைக் கிளப்ப நெடுநேரம் ஆயிற்று. நின்ற நிலையில் வண்டி நடுங்கியது. சமநிலத்தில் ஒருவாறு ஓடியது. மலைப்பாதையில் ஏறும்போது மூச்சிரைக்கும் முதியவர் போலத் திணறியது. பெட்ரோலும் மிகுதியாகச் செலவாயிற்று. ஓட்டுநர் மெக்கானிக்கிடம் திரும்பினார். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார். நடுக்கம் நீங்கவில்லை. இரண்டாம் முறை பெட்ரோல் வடிகட்டியை மாற்றினார். திணறல் தீரவில்லை. மூன்றாம் முறை, ஓட்டுநரின் முன்னே எச்சரிக்கை விளக்கு ஒன்று எரியத் தொடங்கியிருந்தது. ஸ்கேனர் என்னும் கருவியை இணைத்துப் பார்த்தபோது பி 0016 என்னும் குறியீடு தோன்றியது. அதைக் கண்ட மெக்கானிக், கேம் தண்டின் நிலையை உணர்த்தும் சென்சார் பழுதாயிற்று என்று துணிந்து, அதனையும் மாற்றினார். விளக்கு அணைந்தது, இரண்டு நாளில் மீண்டும் எரிந்தது.

அக்குறியீட்டின் பொருள் யாது? கிராங்க் தண்டின் நிலையும் கேம் தண்டின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். சென்சார் பழுது என்று அது கூறவில்லை. சென்சார் ஒரு தூதன் போன்றது. 'மேலும் கீழும் ஒத்துப்போகவில்லை' என்னும் உண்மைச் செய்தியை அது கொண்டுவந்தது. செய்தியை ஆராயாமல் தூதனை மாற்றினால் பயன் என்ன? புதிய தூதனும் அச்செய்தியையே கொண்டுவந்தான்.

இவ்வாறு பத்து நாள் கழிந்தன. பொருள்களுக்குக் கொடுத்த பணம் போயிற்று, வாடகையும் இழப்பாயிற்று. மனம் வருந்திய ஓட்டுநர் அடுத்த ஊரில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவரை நாடினார். முதியவர் உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை.

"தம்பி, இக்குறை எப்போது தொடங்கியது?" என்று கேட்டார்.

"பெல்ட் மாற்றிய மறுநாள் தொடங்கியது, ஐயா."

"அதற்கு முன்?"

"முதல் நாள்கூட ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலையேறினேன், ஐயா, சிறிதும் திணறவில்லை."

"அப்படியானால் நாம் தொலைவில் தேட வேண்டா. நேற்று இல்லாத நோய் இன்று இருக்குமாயின், இடையில் நடந்ததை முதலில் ஆராய வேண்டும். கழற்றி மாட்டிய இடத்திலிருந்து தொடங்குவோம்" என்றார் முதியவர்.

எனினும் அவர் தம் ஐயத்தையே முடிவாகக் கொள்ளவில்லை; அளந்து அறிய முற்பட்டார். பெட்ரோலும் தீப்பொறியும் வாராதவாறு தடுத்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதை அழுத்தமானியால் அளந்தார். அந்த எஞ்சினுக்கு உரிய கையேடு, சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோகிராம் அளவு அழுத்தம் வேண்டும் என்றது. நான்கு சிலிண்டர்களிலும் 10 என்னும் அளவே காணப்பட்டது.

இவ்வெண்கள் பேசாமற் பேசின. ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு மிகக் குறைந்து, மற்ற மூன்றிலும் செவ்வையாக இருந்திருப்பின், அந்த ஒன்றில் வால்வு வளைந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. நான்கிலும் ஒரே அளவாகக் குறைந்திருப்பதால், நான்கிற்கும் பொதுவான காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்தாலும் அழுத்தம் குறையும். அதையும் ஐயமறத் தெளிய எண்ணி, முதியவர் சிலிண்டரினுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். வளையங்கள் தேய்ந்திருந்தால், எண்ணெய் அவ்விடைவெளியை அடைக்க, அழுத்தம் உயர்ந்திருக்கும். ஈண்டு அளவு குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. அன்றியும், நான்கு சிலிண்டர்களின் வளையங்களும் ஓர் இரவில் தேய்தல் உலகியலன்று. எஞ்சியது ஒன்றே: நான்கு சிலிண்டர்களின் கதவுகளும் ஒருசேரக் காலம் தவறித் திறந்து மூடுகின்றன.

பின்னர் முதியவர் பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றினார். கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பேனரைப் பொருத்தி, எஞ்சின் சுழலும் திசையிலேயே, கையால் மெல்லச் சுற்றினார். எதிர்த்திசையிற் சுற்றினால் பெல்ட் தளர்ந்து பல் தாவிவிடக்கூடும் என்பதை அவர் அறிவார். கீழ்க்குறி தன் இடத்திற்கு நேராக வந்து நின்றது. மேலே நோக்கினார். கேம் தண்டின் குறி தனக்குரிய இடத்தை அடையாமல், சரியாக ஒரு பல் பின்தங்கி நின்றது.

கதவு மூட வேண்டிய காலத்தில் மூடாமல் 18 பாகை பிந்தி மூடியது. அதற்குள் மேலேறிய பிஸ்டன் கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே தள்ளியது. ஏற்றச் சாலின் நீர் கிணற்றிலேயே சிந்தியது போல, எஞ்சினின் ஆற்றலும் சிந்திப் போயிற்று. மலையேறும்போது திணறியதன் காரணம் இதுவே.

முதியவர் முதல் மெக்கானிக்கையும் அழைத்து வருமாறு சொல்லியனுப்பினார். இளைஞர் வந்து குறியைக் கண்டு திகைத்தார்.

"ஐயா, பொருத்தும்போது இரு குறிகளும் நேராகவே இருந்தன. என் கண்ணாற் கண்டேன்" என்றார்.

"நீ பொய் சொல்லவில்லை, தம்பி. பொருத்தும்போது நேராகத்தான் இருந்திருக்கும். பெல்ட்டை இறுக்கிய பிறகு, இருமுறை சுற்றிப் பார்த்தாயா?" என்று கேட்டார் முதியவர்.

இளைஞர் தலை கவிழ்ந்தார். "பார்க்கவில்லை, ஐயா. பொழுது சாய்ந்துவிட்டது, மூடியை மாட்டிவிட்டேன்" என்றார்.

பிழை நேர்ந்த வழி அப்போது விளங்கியது. கிராங்க் தண்டு பெல்ட்டை இழுக்கும் பக்கம் சிறிதும் தளர்வின்றி விறைப்பாக இருத்தல் வேண்டும். டென்ஷனர் என்னும் இறுக்கும் சக்கரம் மறுபக்கத்தில் இருக்கும். இளைஞர் பொருத்தியபோது இழுக்கும் பக்கத்தில் ஒரு பல்லளவு தளர்வு நின்றுவிட்டது. நின்ற நிலையில் குறிகள் நேராகத் தோன்றின. எஞ்சின் சுழலத் தொடங்கியதும், கிராங்க் தண்டு முதலில் அத்தளர்வை இழுத்தது. அதன் பின்னரே கேம் தண்டு அசைந்தது. ஆகவே கேம் தண்டு ஒரு பல் பிந்தியது. பெல்ட்டை இறுக்கிய பின் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளை மீண்டும் பார்க்க வேண்டும் என்று கையேடுகள் கூறுவது இதற்காகவே. கேம் தண்டு ஒரு சுற்று முடிப்பதற்குக் கிராங்க் தண்டு இருமுறை சுற்ற வேண்டுமாதலின், இரண்டு சுற்று என்று வகுத்தனர். கையாற் சுற்றுவதிலும் ஒரு நன்மை உண்டு. பல பற்கள் தவறியிருந்தால், பிஸ்டன் வால்வைத் தொடும்போது கை அத்தடையை உணர்ந்து நின்றுவிடும். எஞ்சினையே ஓடவிட்டால், அஃது உணராது, உடைத்துவிடும்.

முதியவர் இளைஞரிடமே ஸ்பேனரைக் கொடுத்தார். இளைஞர் டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி, இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்குமாறு பொருத்தி இறுக்கினார், இருமுறை சுற்றினார், குறிகள் இரண்டும் நேராக நின்றன. மீண்டும் அழுத்தத்தை அளந்தபோது நான்கு சிலிண்டர்களும் 12 என்னும் அளவைக் காட்டின. எஞ்சின் உடனே கிளம்பியது. எச்சரிக்கை விளக்கும் பின்னர் எரியவில்லை.

எனினும், நின்ற நிலையில் மெல்லிய நடுக்கம் ஒன்று எஞ்சியிருந்தது. 'பெருங்குறை தீர்ந்தது, இது போகட்டும்' என்று ஓட்டுநர் எண்ணினார். முதியவர் அதற்கு இசையவில்லை. ஒரு நோய்க்கு ஒரு காரணமே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பெல்ட் வேலைக்காகக் கழற்றிய உறுப்புகள் ஒவ்வொன்றையும் மாட்டிய வரிசையில் இருவரும் பார்த்து வந்தனர். காற்று வடிகட்டியின் அடியில், எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியோடு இணைய வேண்டிய சிறு ரப்பர்க் குழாய் ஒன்று, முனையிற் செருகப்படாமல் தளர்ந்து கிடந்தது. அதன் வழியே அளவில் அடங்காத காற்று உட்புகுந்து கலவையைக் கெடுத்தது. குழாயைச் செருகியதும் நடுக்கம் அடங்கியது.

ஓட்டுநருக்கு இளைஞர்மேற் கோபம் மிகுதியாக இருந்தது. இளைஞரோ, தேவையின்றி மாற்றிய பொருள்களுக்கு வாங்கிய பணத்தை எண்ணி அவர் கையில் கொடுத்து, "பிழை என்னுடையது. அதை உங்கள் வண்டியில் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். ஓட்டுநரின் கோபம் தணிந்தது. அடுத்த முறை பெல்ட் மாற்ற வேண்டியபோது அவர் அவ்விளைஞரிடமே வண்டியை விட்டார். இளைஞரும் இருமுறை சுற்றிக் காட்டிய பின்னரே மூடியை மாட்டினார்.

அவ்விளைஞர் அறிவில்லாதவர் அல்லர், சோம்பரும் அல்லர். மூன்று முறையும் உழைத்தார். ஆனால், பிளக்கை ஐயுற்றார், வடிகட்டியை ஐயுற்றார், உண்மை கூறிய சென்சாரையும் ஐயுற்றார். ஐயுறாதது ஒன்றே: தாம் கடைசியாகச் செய்த வேலை. மாணவர் கணக்குப் போடும்போதும் இவ்வாறு நேர்வதுண்டு. விடை பொருந்தாவிடின், புத்தகத்தில் அச்சுப்பிழை என்று கருதுவது எளிது. தாம் எழுதிய வரிகளை மீண்டும் ஒருமுறை பார்ப்பது அரிது.

குறை தோன்றினால், அஃது எப்போது தொடங்கியது என்று கேட்டல் வேண்டும். இடையில் மாறியது யாது என்று நோக்கல் வேண்டும். மாற்றுவதற்கு முன் அளந்து அறிதல் வேண்டும். திருத்திய பின்னும் மீண்டும் அளத்தல் வேண்டும். இவை அனைத்திற்கும் முன்னதாக, தன் கை செய்த வேலையைத் தானே ஐயுறும் நேர்மை வேண்டும். ஒரு பல் பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. கையாற் சுற்றிய இரண்டு சுற்றுகளே போதுமாயின.